நிறுத்திவைக்கப்படும் மரபணுக்கள், நழுவிப்போகும் கால அவகாசம்

- நமது நாடாளுமன்றச் செய்தியாளர் -

புது தில்லி: 2025-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் தேதி உத்தரப் பிரதேச சட்டப்பேரவையில் வழக்கத்துக்கு மாறான ஓர் அறிவிப்பு வெளியானது. பேரவை மண்டபத்தின் நுழைவாயிலில் உறுப்பினர் ஒருவர் பான் மசாலாவை மென்று துப்பியிருப்பதாகவும், தாமே நேரில் சென்று அந்த இடத்தைச் சுத்தம் செய்ய வைத்ததாகவும் பேரவைத் தலைவர் சதீஷ் மஹானா தெரிவித்தார். துப்பியவர் யார் என்பதைக் காணொளிப் பதிவில் பார்த்துவிட்டதாகவும், பெயரைச் சொல்லி அவமதிக்க விரும்பவில்லை என்றும் அவர் கூறினார். மறுநாளே பேரவை வளாகத்தில் பான் மசாலா, குட்கா ஆகியவற்றை மெல்வதற்குத் தடை விதிக்கப்பட்டது. மீறுவோருக்கு ரூ. 1,000 அபராதம் என்றும் அறிவிக்கப்பட்டது.

விரிப்பில் படிந்த கறை எல்லோர் கண்ணிலும் பட்டது. உடனே நடவடிக்கையும் வந்தது. ஆனால், அதே பான் மசாலா மென்றவரின் கன்னத்தின் உட்புறத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. அங்கே நடப்பதை அறிவியல் இன்று மூலக்கூறு அளவில் படித்துக் காட்டுகிறது. அந்தப் பாடம் ஒரே நேரத்தில் அச்சமும் ஆறுதலும் தருவது. உடலைக் காக்கும் மரபணுக்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன என்பது அச்சம். அவற்றுள் பல அழிந்துபோவதில்லை, அடக்கிவைக்கப்படுகின்றன என்பதும், அந்த அடக்குமுறை கட்டி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடக்கூடும் என்பதும் ஆறுதல். தலையிடுவதற்கு அவகாசம் இருக்கிறது என்பதே இதன் பொருள். அந்த அவகாசத்தைத்தான் இந்த நாடு பெரும்பாலும் நழுவவிட்டு வருகிறது.

உலகில் மூன்றில் ஒரு பங்கு

உலக சுகாதார அமைப்பின் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அந்த ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் பேருக்கு உதடு மற்றும் வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அவர்களில் சுமார் 1 லட்சத்து 43 ஆயிரம் பேர் இந்தியர்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். அதே ஆண்டில் இந்தியாவில் இந்நோய்க்குப் பலியானவர்கள் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர். இந்திய ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே.

புகையில்லாப் புகையிலையாலும் பாக்காலும் விளையும் வாய்ப் புற்றுநோய் எவ்வளவு என்று அதே முகமையின் ஆய்வாளர்கள் தனியே கணக்கிட்டு 2024-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உலக அளவில் ஓராண்டில் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம். அதில் இந்தியாவில் மட்டும் சுமார் 83 ஆயிரம். அதாவது, இந்த நாட்டில் வாய்ப் புற்றுநோய்க்கு ஆளாவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், மெல்லும் பழக்கம் இல்லாதிருந்தால் அந்நோய்க்கே ஆளாகியிருக்க மாட்டார்கள்.

மேலை நாடுகளில் வாய்ப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் நாக்கில் வருவது. இந்தியாவில் ஈறும் கன்னத்தின் உட்புறமும் சந்திக்கும் பள்ளத்தில் வருவதே அதிகம். காரணம் எளிது. கைனியையும் குட்காவையும் வெற்றிலைப் பாக்குப் புகையிலையையும் அடக்கிவைக்கும் இடம் அதுதான். மருத்துவர்கள் இதை 'இந்திய வாய்ப் புற்றுநோய்' என்றே குறிப்பிடுவதுண்டு. தலைநகரின் பெரிய அரசு மருத்துவமனைகளின் வாசலில் விடியற்காலையில் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் இது புரியும். பிகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள். துண்டால் கன்னத்தை மூடியவர்கள். இரண்டு விரல் அளவுக்குக்கூட வாயைத் திறக்க முடியாதவர்கள். பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே வந்து சேர்கிறார்கள்.

சட்டப் புத்தகமும் அறிவிக்கையும்

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்ற மரபுச் சங்கிலி இருக்கிறது. அதில் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் சுமார் 20 ஆயிரம். கன்னத்தின் உயிரணுவிலும் கண்ணின் உயிரணுவிலும் இருப்பது ஒரே சங்கிலிதான். ஆனால், ஒவ்வோர் இடத்திலும் தேவையான மரபணுக்கள் மட்டுமே செயல்படுகின்றன. மற்றவை ஓய்வில் வைக்கப்படுகின்றன.

நாடாளுமன்றத்தைப் பின்தொடர்பவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. சட்டம் நிறைவேறிவிட்டாலே அதன் எல்லாப் பிரிவுகளும் நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை. எந்தப் பிரிவு எந்த நாளிலிருந்து செல்லும் என்று அரசு தனியே அறிவிக்கை வெளியிட வேண்டும். அறிவிக்கை நிறுத்திவைக்கப்பட்டால், சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கும். ஆனால் வெளியுலகில் அதற்கு எந்த விளைவும் இருக்காது.

மரபணுவும் இரண்டு வழிகளில் பயனற்றுப் போகலாம். முதல் வழி, எழுத்தே சிதைவது. இதைத்தான் மரபணுப் பிறழ்வு என்கிறோம். இரண்டாவது வழி, எழுத்து அப்படியே இருக்க, அதை வாசிக்க விடாமல் தடுப்பது. இந்த இரண்டாவது வழியை ஆராயும் துறைக்கு 'எபிஜெனெடிக்ஸ்' என்று பெயர். தமிழில் மேல்மரபியல் எனலாம். 'எபிஜெனெடிக்ஸ்' என்ற சொல்லை 1942-இல் உருவாக்கியவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன். வாசிக்க விடாமல் தடுக்கப்பட்ட மரபணுவை 'மௌனமாக்கப்பட்ட மரபணு' என்று அறிவியலாளர்கள் அழைக்கிறார்கள்.

மௌனம் எப்படி உண்டாகிறது? டி.என்.ஏ. நான்கு எழுத்துகளால் எழுதப்பட்டது. அவற்றில் ஒன்று சைட்டோசின். அதன் மேல் மீதைல் எனப்படும் ஒரு சிறு வேதிக் குழு ஒட்டிக்கொள்ள முடியும். ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்ததுதான் அது. ஒரு மரபணுவை வாசிக்கத் தொடங்கும் இடத்தில், அதாவது அதன் முகப்பில், இத்தகைய மீதைல் குழுக்கள் அடர்த்தியாக ஒட்டிக்கொண்டால் அந்த மரபணு வாசிக்கப்படுவது நின்றுவிடும். அதோடு, டி.என்.ஏ. நூல்கண்டுபோல் சுற்றிவைக்கப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதங்களிலும் மாற்றம் ஏற்பட்டு, நூல் இறுகச் சுற்றிக்கொள்கிறது. இறுகிய நூலை வாசிக்கும் கருவிகள் நெருங்க முடிவதில்லை. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற மிகச் சிறிய துணுக்குகள் வாசிக்கப்பட்ட செய்தியை இடையில் மறித்து அழிப்பது மூன்றாவது வழி.

இவை இயல்பான உடலிலும் நடப்பவையே. ஆபத்து எங்கே என்றால், உயிரணு இரண்டாகப் பிரியும்போது இந்த மீதைல் குறிகளும் படியெடுக்கப்படுகின்றன. டி.என்.எம்.டி.1 என்ற நொதி அந்த வேலையைச் செய்கிறது. தவறான இடத்தில் ஒருமுறை விழுந்த பூட்டு, அந்த உயிரணுவின் வாரிசுகள் அனைத்துக்கும் போய்ச் சேர்கிறது.

கன்னத்துக்குள் நடப்பது

வாய்ப் புற்றுநோயில் இவ்வாறு மௌனமாக்கப்படும் மரபணுக்களில் மிகவும் ஆராயப்பட்டது 'பி-16' என்பதாகும். உயிரணு கட்டுப்பாடின்றிப் பெருகாமல் தடுத்து நிறுத்தும் காவல் அதன் பணி. சில நோயாளிகளிடம் இந்த மரபணு முற்றிலும் அறுபட்டுப் போயிருக்கிறது. வேறு சிலரிடம் எழுத்து முழுமையாக இருக்க, முகப்பு மட்டும் மீதைல் பூட்டால் அடைக்கப்பட்டிருக்கிறது. எந்த வழியானாலும் விளைவு ஒன்றே. காவல் போய்விடுகிறது.

'எம்.ஜி.எம்.டி.' என்பது மற்றொன்று. டி.என்.ஏ.வில் ஏற்படும் ஒருவகைச் சேதத்தைச் சீர்செய்யும் மரபணு இது. புகையிலையிலுள்ள நைட்ரோசமைன்கள் என்ற நச்சுகள் ஏற்படுத்துவது பெரும்பாலும் இத்தகைய சேதத்தைத்தான். சீர்செய்பவரையே அடக்கிவிட்டால், அதன்பின் ஏற்படும் சேதமெல்லாம் நிலைத்த பிறழ்வாக மாறும். பூட்டு முதலில் விழ, சிதைவு பின்னால் வருகிறது. 'இ-கேடரின்' என்ற மரபணு, உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் பசையைத் தருவது. அது அடங்கினால் உயிரணுக்கள் கூட்டத்தை விட்டு விலகி, கழுத்து நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவ வழி ஏற்படுகிறது. சேதமடைந்த உயிரணு தானாகவே மடிவதற்கு உதவும் 'டி.ஏ.பி.கே.' என்ற மரபணுவும் இப்படியே அடக்கப்படுகிறது.

புகையிலை இந்தப் பூட்டுகளை எப்படிப் போடுகிறது என்பதற்கும் தடயங்கள் கிடைத்துள்ளன. தைவான் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட நுரையீரல் புற்றுநோய் ஆய்வு ஒன்று, புகையிலை நைட்ரோசமைன் ஒன்றின் தாக்கத்தால் டி.என்.எம்.டி.1 நொதி உயிரணுவுக்குள் அளவுக்கு மீறிக் குவிவதையும், புற்றைத் தடுக்கும் மரபணுக்கள் மீது மீதைல் ஏறுவதையும் காட்டியது. அந்த நைட்ரோசமைன் மெல்லும் புகையிலையிலும் இருக்கிறது. ஓயாது மெல்வதால் ஏற்படும் நீடித்த அழற்சியும் இதற்குத் துணைபோவதாகக் கருதப்படுகிறது.

'புகையிலை இல்லை, வெறும் பாக்குதான்' என்று சமாதானம் சொல்வோருக்கும் இதில் இடமில்லை. புகையிலை சேர்க்காத பாக்கையே முதல் நிலைப் புற்றுக்காரணி என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வகைப்படுத்திவிட்டது. பாக்கு மெல்வோருக்குக் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி, வாய் திறப்பது படிப்படியாகக் குறைந்துவிடும். இது புற்றுக்கு முந்தைய நிலை. வெற்றிலைப் பாக்கு மெல்லும் பழக்கமுள்ள இலங்கை மக்களின் வாயில் காணப்பட்ட முன்நிலைப் புண்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வு, பி-16 உள்ளிட்ட காவல் மரபணுக்கள் அந்தக் கட்டத்திலேயே பரவலாகப் பூட்டப்பட்டிருப்பதைக் கண்டறிந்தது. புற்றுநோய் இன்னும் வந்திருக்கவில்லை. காவல் அதற்குள்ளாகவே விலக்கப்பட்டுவிட்டது. சீனாவில் முன்நிலைப் புண் உள்ளவர்களைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வொன்றும், பி-16 பூட்டப்பட்டிருந்தவர்களிடம் அந்தப் புண் புற்றுநோயாக மாறுவது மற்றவர்களைவிட அதிகம் என்று 2009-இல் தெரிவித்தது.

'வெளிநாட்டு ஆய்வுகள்' என்ற வாதம்

இந்த இடத்தில் நாடாளுமன்றத்தில் நடந்த ஒன்றை நினைவுகூர வேண்டியுள்ளது. புகையிலைப் பொருள்களின் உறைகளில் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படமும் வாசகமும் இடம்பெற வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2014 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். ஆனால், அமைச்சகங்கள் வெளியிடும் விதிகளைப் பரிசீலிக்கும் மக்களவைக் குழு, அதை நிறுத்திவைக்குமாறு 2015 மார்ச்சில் பரிந்துரைத்தது. புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவும் இந்திய ஆய்வு எதுவும் இல்லை, இருப்பவை எல்லாம் வெளிநாட்டில் செய்யப்பட்டவை என்று குழுவின் தலைவர் அப்போது செய்தியாளர்களிடம் கூறியது பெரும் சர்ச்சையானது. அறிவிக்கை நிறுத்திவைக்கப்பட்டது. குழு 2016 மார்ச்சில் அளித்த அறிக்கையில், 85 சதவீதம் மிகக் கடுமையானது, 50 சதவீதம் போதும் என்றது. எனினும், நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு, 2016 ஏப்ரல் 1 முதல் 85 சதவீத எச்சரிக்கை நடைமுறைக்கு வந்தது. இடையில் கழிந்தது ஓர் ஆண்டு.

இந்திய ஆய்வு இல்லை என்ற வாதம் எவ்வளவு சரி? 1933-ஆம் ஆண்டிலேயே, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஒருவர், வெற்றிலைப் பாக்கு மெல்வோரின் வாய்ப் புற்றுநோய் குறித்து 'லான்செட்' இதழில் எழுதினார். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் வி. சாந்தாவும் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப் புற்றுநோயின் காரணிகளைப் பற்றி 1959-இல் பிரிட்டிஷ் புற்றுநோய் இதழில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த குழுவினர் நாட்டின் பல பகுதிகளில் 50,915 கிராம மக்களின் வாயைப் பரிசோதித்து 1969-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

மூலக்கூறு அளவிலும் இந்தியா பின்தங்கியிருக்கவில்லை. உலக நாடுகள் சேர்ந்து ஒவ்வொரு புற்றுநோயின் மரபணுத் தொகுதியையும் பகுத்தறியும் பணியைப் பகிர்ந்துகொண்டபோது, ஈறு - கன்னப் புற்றுநோயை இந்தியா ஏற்றுக்கொண்டது. மேற்கு வங்கத்தின் கல்யாணியில் உள்ள தேசிய உயிரிமருத்துவ மரபணுத் தொகுதியியல் நிறுவனமும், நவி மும்பையில் டாடா நினைவு மையத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவும் இணைந்து 110 நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்தன. முடிவுகள் 2013 டிசம்பரில் வெளியாயின. இந்தப் புற்றுநோயில் அடிக்கடி பிறழ்வுக்கு உள்ளாகும் 10 மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் 5 இந்த வகைப் புற்றுக்கே உரியவை என்று கண்டறியப்பட்டது. அந்த ஐந்தில் 'எம்.எல்.எல்.4', 'ஏ.ஆர்.ஐ.டி.2' ஆகிய இரண்டும், டி.என்.ஏ. இறுகுவதையும் தளர்வதையும் நிர்வகிக்கும் மரபணுக்கள். அதாவது, பூட்டையும் சாவியையும் பராமரிக்கும் துறையே பழுதாகிவிடுகிறது.

அதே நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நேரடியாக மேல்மரபியல் பற்றியது. 87 நோயாளிகளிடம் கட்டியையும் அருகிலிருந்த ஆரோக்கியமான திசுவையும் ஒப்பிட்டதில், சுமார் 200 மரபணுக்களின் முகப்பில் மீதைல் அளவு மாறுவதற்கேற்ப அவற்றின் செயல்பாடு எதிர்த் திசையில் மாறியிருப்பது தெரிந்தது. மௌனமாக்கல் மட்டுமல்ல, அதற்கு எதிரானதும் அங்கே நடக்கிறது. அடங்கியிருக்க வேண்டிய சில மரபணுக்கள் மீதைல் நீங்கி விழித்துக்கொள்கின்றன. அவற்றில் சில, உடலின் நோய் எதிர்ப்புப் படையை ஏமாற்றிக் கட்டியைக் காப்பாற்றுபவை. காவலை அடக்கிவிட்டு, கள்வனுக்குக் கதவைத் திறந்துவிடும் இரட்டை வேலை இது.

இந்திய ஆய்வு இல்லை என்று சொல்லப்பட்ட 2015 மார்ச்சுக்கு முன்பே இவற்றில் பெரும்பாலானவை அச்சேறியிருந்தன.

பூட்டைத் திறக்க முடியுமா?

சிதைந்த எழுத்தைத் திருத்துவது கடினம். ஆனால், பூட்டைத் திறக்க முடியும் என்பதே மேல்மரபியல் தரும் நம்பிக்கை. மீதைல் குறிகள் படியெடுக்கப்படுவதைத் தடுக்கும் அசாசிடிடின், டெசிடபின் என்ற இரு மருந்துகள் முறையே 2004, 2006-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஆனால் அவை எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி பழுதாகும் நோய்களுக்கானவை. வாய்ப் புற்றுநோய்க்கு அல்ல. இம்மருந்துகள் பி-16 மரபணுவை மட்டும் தேர்ந்தெடுத்துத் திறப்பவை அல்ல. பல இடங்களில் பூட்டுகளைத் தளர்த்துபவை. எனவே, வாய்ப் புற்றுநோய்க்கு 'மரபணுவை எழுப்பும் மாத்திரை' வந்துவிட்டதாக எவரேனும் விளம்பரம் செய்தால் நம்பக் கூடாது. அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சுமே இன்றும் முதன்மையான சிகிச்சைகள்.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. பூட்டுப் போடுபவனை வெளியேற்றுவது. சுமார் 16 ஆயிரம் பேரின் ரத்தத்தை ஆராய்ந்து 2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, புகைபிடித்தலால் மாறிய மீதைல் குறிகளில் பெரும்பாலானவை, பழக்கத்தை விட்ட ஐந்து ஆண்டுகளுக்குள் புகைபிடிக்காதவர்களின் நிலைக்குத் திரும்பிவிடுவதைக் காட்டியது. சில குறிகள் மட்டும் 30 ஆண்டுகளுக்குப் பின்னும் நீடித்தன. அது புகைப்பழக்கம் பற்றியது, ரத்தத்தில் பார்க்கப்பட்டது என்பது உண்மை. ஆனால், மெல்லும் பழக்கத்துக்கும் அதே திசையில் கைகாட்டும் சான்று நம் நாட்டிலேயே உண்டு. புகையிலைப் பழக்கமுள்ள 36 ஆயிரம் கிராமவாசிகளிடம் பழக்கத்தை விடுமாறு அறிவுறுத்திப் பின்தொடர்ந்த டாடா நிறுவனக் குழுவினர், புற்றுக்கு முந்தைய வெண்படலம் புதிதாகத் தோன்றுவது குறைந்ததை 1986-இல் 'லான்செட்' இதழில் பதிவு செய்தனர். விட்டால் பயன் உண்டு. சீக்கிரம் விட்டால் கூடுதல் பயன் உண்டு.

எச்சிலைச் சோதித்தே பூட்டுகளைக் கண்டறிய முடியுமா என்பதும் ஆராயப்பட்டு வருகிறது. கட்டியில் காணப்படும் மீதைல் குறிகள் நோயாளிகளின் எச்சிலிலும் தென்படுவதை 2001-இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவரின் எச்சிலை வாங்கி, 'உங்கள் கன்னத்தில் பூட்டு விழத் தொடங்கிவிட்டது' என்று சொல்லும் நாள் வந்தால் அது பெரும் வரம். அந்த நாள் வரும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வெண்படலமும், செம்படலமும், ஆறாத புண்ணும், வாய் இறுகுவதும் கண்ணுக்கே தெரியும் அடையாளங்கள்.

டார்ச் விளக்கும் இரண்டு நிமிடமும்

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1996-இல் தொடங்கிய ஆய்வு இதற்குச் சான்று. அந்த மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துப் பகுதிகளில், 35 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினரின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் சென்று, வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தனர். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மது அல்லது இரண்டும் பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை.

இந்த வழியைப் பின்பற்றி, 30 வயதைக் கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கான பரிசோதனை நடத்துவதற்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆனால், 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வு எடுத்தபோது, 30 முதல் 49 வயது வரையுள்ளவர்களில் எப்போதேனும் ஒருமுறை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் பெண்களில் 0.9 சதவீதம், ஆண்களில் 1.2 சதவீதம் மட்டுமே. நூறு பேரில் ஒருவர். அதற்குச் சற்று முன், 2016-17-ஆம் ஆண்டின் தேசியப் புகையிலை ஆய்வு, வயது வந்தோரில் 21.4 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 20 கோடிப் பேர், மெல்லும் வகைப் புகையிலையைப் பயன்படுத்துவதாகக் கூறியிருந்தது. ஐந்தில் ஒருவர் மெல்கிறார்; நூற்றில் ஒருவரின் வாயைத்தான் யாரோ பார்த்திருக்கிறார்கள்.

அதன்பின் கோடிக்கணக்கானோருக்குப் பரிசோதனை நடந்திருப்பதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்து வருகிறது. வரவேற்கத்தக்கது. ஆனால், உறுப்பினர்கள் கேட்க வேண்டிய துணைக் கேள்விகள் இன்னும் உள்ளன. படிவத்தில் குறியிடப்பட்ட எத்தனை பேரின் வாய் உண்மையில் திறந்து பார்க்கப்பட்டது? வெண்படலம் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் எத்தனை பேர் பல் மருத்துவரையோ புற்றுநோய் மையத்தையோ சென்றடைந்தார்கள்? அவர்களில் எத்தனை பேருக்குப் பழக்கத்தை விட உதவி கிடைத்தது? எண்ணிக்கையைவிட இந்த மூன்று பதில்களே முக்கியம்.

சட்டங்களுக்கும் குறைவில்லை. புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003-இல் இயற்றப்பட்டது. உணவுப் பொருளில் புகையிலையும் நிகோடினும் கலக்கக் கூடாது என்ற விதி 2011-இல் வந்தது. அதன் அடிப்படையில் 2012-இல் மத்தியப் பிரதேசம் தொடங்கிவைக்க, மாநிலங்கள் அடுத்தடுத்து குட்காவைத் தடை செய்தன. உடனே பான் மசாலா ஒரு பொட்டலமாகவும் புகையிலை வேறொரு பொட்டலமாகவும் அருகருகே தொங்கவிடப்பட்டன. வாங்குபவர் இரண்டையும் உள்ளங்கையில் கொட்டிக் கலந்துகொண்டார். இந்த இரட்டைப் பொட்டலத் தந்திரத்தையும் தடுக்குமாறு உச்சநீதிமன்றம் 2016-இல் சொல்ல வேண்டியிருந்தது. புத்தகத்தில் பிரிவு இருந்தும் தெருவில் அது வாசிக்கப்படாத நிலை இது.

இன்னொரு பக்கமும் உண்டு. கர்நாடகம், கேரளம், அசாம் ஆகிய மாநிலங்களில் பல லட்சம் குடும்பங்கள் பாக்குச் சாகுபடியை நம்பி வாழ்கின்றன. அவர்களின் கவலையை அவைகளில் எழுப்பும் உறுப்பினர்கள் தங்கள் கடமையைத்தான் செய்கிறார்கள். ஆனால், அந்த விவசாயிக்கு மாற்று வழி தேடித் தருவதும், பாக்கின் தீங்கை மறுப்பதும் வேறு வேறு. முன்னதைச் செய்யாமல் பின்னதைச் செய்தால், விவசாயிக்கும் நன்மை இல்லை. மெல்பவருக்கும் நன்மை இல்லை.

மரபணு மௌனமாவது ஒரே நாளில் நடப்பதில்லை. பூட்டு ஒவ்வொன்றாக விழுகிறது. முதல் பூட்டுக்கும் கடைசிப் பூட்டுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்தில் ஒரு சுகாதாரப் பணியாளர் டார்ச் விளக்குடன் வந்து இரண்டு நிமிடம் வாயைப் பார்த்தால், ஒருவேளை கன்னமும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும். லக்னௌ பேரவையில் கறையைத் துடைக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. உள்ளே விழும் கறையைப் பார்ப்பதற்கும் அதே வேகம் வேண்டும்.